குடிதண்ணீருக்குக் காவல் நிற்கும் காடு

காரைக்குடி

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் பெரியம்மா மாவடு போட்டு வைத்திருக்கிறாள். சிங்கப்பூருக்குப் புறப்படுகிற ஆள் யாராவது அகப்பட்டால் கொடுத்துவிடுவதாக இருக்கிறாள்.

“ஞாயிற்றுக்கிழமை தோழிகளோடு மெக்ரிட்சி போகிறோம் பெரியப்பா, அந்தத் தொங்குபாலத்தைப் பார்த்து நாலு படம் எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடலாமா?” என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாய். முடியாது என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டிருப்பேன். ஆனால் நீ கட்டடப் பொறியியல் படித்தவள். மண்ணையும் தண்ணீரையும் வைத்துத்தான் உன் பிழைப்பு. உனக்கு அந்த இடத்தைப் பற்றி நேரம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நான் தோ பாயோவில் குடியிருந்த காலம் முழுக்க என் ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் கரையில்தான் கழிந்தன. அந்த உரிமையில் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள். மெக்ரிட்சிக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் அதை ஒரு பூங்கா என்று நினைத்துப் போகிறார்கள். வாசலில் பூங்கா என்றுதான் பலகை இருக்கிறது. புல்வெளி உண்டு, சிற்றுண்டிக் கடை உண்டு, வாடகைக்குப் படகு உண்டு. ஆனால் அதன் உயிர் வேறு. நம் பக்கத்துக் குடிதண்ணீர் ஊருணியை நினைத்துக்கொள். அதில் யாரும் கால் நனைக்க மாட்டார்கள். மாடு குளிப்பாட்டுவதும் துணி வெளுப்பதும் வேறு குளத்தில். யாரும் காவலுக்கு நிற்காவிட்டாலும் கரையில் ஏறும்போதே செருப்பைக் கழற்றுகிற பழக்கம் ஊருக்கு இருந்தது. மெக்ரிட்சி ஒரு மாநகரத்தின் ஊருணி. அதைச் சுற்றியிருக்கும் காடு அந்த ஊருணியின் வரத்துப் பரப்பு. அந்தக் காடு இன்றைக்கும் நிற்பதற்கு முக்கியக் காரணம், ஊருக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டியிருந்தது என்பதுதான்.

அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். சிங்கப்பூரில் ஆங்கிலேயர் துறைமுகம் திறந்த பிறகு ஜனம் பெருகியது. கிணறுகளும் ஓடைகளும் போதவில்லை. தான் கிம் செங் என்ற சீன வணிகர் 1857இல் நல்ல தண்ணீர் கொண்டுவருவதற்காக 13,000 வெள்ளியை அரசாங்கத்திடம் நன்கொடையாகக் கொடுத்தார். பணம் வந்தும் வேலை வருடக்கணக்கில் இழுத்தது. திட்டம் சரியில்லை, செலவு கணக்கை மீறியது. கடைசியில் 1860களின் முடிவில்தான் அணை கட்டி முடிந்தது. அந்தத் தீவின் முதல் நீர்த்தேக்கம் அது. 1890களில் நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிட்சி அதைப் பெரிதாக்கினார். 1922இல் அவர் பெயரையே வைத்தார்கள். தான் கிம் செங்குக்கு நன்றியாக நகராட்சி 1882இல் ஒரு நீரூற்று எழுப்பியது. இன்றைக்கும் எஸ்பிளனேட் பூங்காவில் நிற்கிறது. தண்ணீர் கொடுக்க நினைத்தவருக்கு நீரூற்றையே நினைவுச்சின்னமாக வைத்தது பொருத்தம்தான். அந்தப் பக்கம் போகும்போது ஒரு நிமிடம் நின்று பார்.

அதே காலத்தில் தீவின் மற்றப் பகுதிகளில் என்ன நடந்தது தெரியுமா? காம்பிர் என்ற செடியும் மிளகும் பயிரிடுவதற்காகக் காட்டை வெட்டிச் சாய்த்துக்கொண்டே போனார்கள். காம்பிர் இலையைக் காய்ச்சுவதற்கு விறகு வேறு வேண்டும், அதற்கும் காடுதான். நிலம் சில வருடத்தில் சத்துப் போய்விடும். அதை விட்டுவிட்டு அடுத்த காட்டுக்கு நகர்வார்கள். 1883இல் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பாளர் நத்தேனியல் கான்ட்லி நிலைமையை அறிக்கையாக எழுதி, மிச்சம் இருக்கும் காட்டையாவது ஒதுக்கி வையுங்கள் என்றார். இன்றைக்கு அந்தத் தீவில் கோடரி படாத ஆதிக்காடு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. அந்தத் துளியில் பெரும்பங்கு புக்கிட் தீமா மலையிலும், மெக்ரிட்சியைச் சுற்றிய நீர்ப்பிடிப்புக் காட்டிலும் இருக்கிறது. வேறு இடங்களில் காட்டை அழித்த அதே அரசாங்கம்தான் இங்கே தண்ணீர் கலங்கிவிடும் என்று பயந்து விட்டுவைத்தது. 1951இல் அதைச் சட்டப்படி இயற்கை வனப்பகுதியாகவும் ஆக்கினார்கள்.

காட்டுக்கும் தண்ணீருக்கும் உள்ள கணக்கு நீ பாடத்தில் படித்ததுதான். அங்கே வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது; நம் சீமையில் பெய்வதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. அத்தனை மழையும் வெறும் மண்ணில் விழுந்தால் மண்ணை அரித்துக்கொண்டு வந்து ஏரியை மேடாக்கிவிடும். மரத்தின் உச்சிக் கிளை முதலில் அடியை வாங்குகிறது, கீழ்க்கிளைகள் மிச்சத்தை வாங்குகின்றன, தரையில் கிடக்கும் சருகு மெத்தை அதை உறிஞ்சிக்கொண்டு மெதுவாக ஓடைக்கு விடுகிறது. நடக்கும்போது, பெருமழை முடிந்த பிறகு ஓடையைக் கவனி. காடு அடர்ந்த பக்கத்திலிருந்து வரும் தண்ணீர் டீத்தண்ணீர் நிறத்தில் இருந்தாலும் தெளிவாக இருக்கும். பாதை தேய்ந்து மண் வெளியே தெரிகிற இடத்திலிருந்து வருவது சேறாக இருக்கும். ஆயிரம் பேர் சேற்றைத் தவிர்ப்பதற்காகப் பாதையை விட்டு ஓரமாக நடந்தால் பாதை அகலமாகிறது, மரத்தின் வேர் வெளியே வருகிறது, மண் ஏரிக்குப் போகிறது. சேறாக இருந்தாலும் பாதையின் நடுவிலேயே நட என்று பலகையில் சொல்வது இதற்காகத்தான். காலணி கழுவினால் போய்விடும்.

தண்ணீர் இல்லாமல் அந்த ஊர் பட்ட பாட்டையும் தெரிந்துகொள். 1942 பிப்ரவரியில் ஜப்பானியப் படை தீவுக்குள் நுழைந்து நீர்த்தேக்கங்கள் இருந்த பகுதியைப் பிடித்தது. குண்டு விழுந்து குழாய்கள் உடைந்து, நகரத்தில் தண்ணீர் ஒழுகி வீணாய்ப்போனது. பிப்ரவரி 15இல் ஆங்கிலேயத் தளபதி பெர்சிவல் சரணடைய முடிவெடுத்ததற்குச் சொன்ன காரணங்களில் தண்ணீர்த் தட்டுப்பாடும் ஒன்று. போர் முடிந்து இருபது வருடம் ஆகும் முன்பே, 1963இல், மழை பொய்த்துப் பல மாதம் பங்கீட்டுத் தண்ணீர். அதைப் பார்த்தவர்கள் குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்க மாட்டார்கள். இன்றைக்குக் கடல்நீரைச் சுத்திகரிக்கிறார்கள், பயன்படுத்திய நீரைத் திரும்பச் சுத்தம் செய்து நியூவாட்டர் என்று கொடுக்கிறார்கள், ஜொகூரிலிருந்தும் வருகிறது, மழைநீரைச் சேர்க்க 17 நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. நீ குழாயைத் திறந்ததும் வருகிறது, அதனால் யோசிக்கத் தோன்றாது. யோசிக்க வைக்கும் இடம் மெக்ரிட்சி. அதற்காகவே ஒவ்வொரு புது ஆளும் ஒருமுறை அங்கே போக வேண்டும் என்பேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன்.

நீ சொன்ன தொங்குபாலம் டிரீடாப் வாக். 2004இல் திறந்தார்கள். புக்கிட் பியர்ஸ், புக்கிட் கலாங் என்ற இரண்டு மேடுகளுக்கு நடுவில் 250 மீட்டர் நீளம். உயரமான இடத்தில் காட்டுத் தரையிலிருந்து 25 மீட்டர். மரத்தின் உச்சியை மேலிருந்து பார்ப்பதற்காகக் கட்டியது. ஒருவழிப் பாதை, ஏறிவிட்டால் திரும்பி வர முடியாது. திங்கட்கிழமை பொதுவாக மூடியிருக்கும். மற்ற நாளிலும் பராமரிப்புக்காகச் சில சமயம் மூடுவார்கள். புறப்படும் முன் தேசியப் பூங்காக் கழகத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள். ஏரிக்கரை வாசலிலிருந்து காட்டைச் சுற்றிப் பாலத்தைத் தொட்டுத் திரும்பும் முழுச் சுற்று சுமார் 11 கிலோமீட்டர். ஏற்றமும் இறக்கமும் வேரும் கல்லும் படிக்கட்டும் உள்ள வழி. நன்றாக நடக்கிறவர்களுக்கே மூன்று மணி நேரம் தாராளமாக ஆகும். பார்த்துப் பார்த்து நடந்தால் நாலைந்து. உங்கள் கூட்டத்தில் நடந்து பழக்கமில்லாத பிள்ளை யாராவது இருந்தால் வீனஸ் டிரைவ் பக்கம் தொடங்குங்கள். அங்கிருந்து பாலம் கிட்டே. 2017இல் திறந்த வின்சர் இயற்கைப் பூங்கா வழியாகப் போகலாம்.

என் யோசனை வேறு. முதல் தடவை பாலத்தை விட்டுவிடுங்கள். மேரிமவுண்ட் நிலையத்திலோ கால்டிகாட் நிலையத்திலோ இறங்கி, ஏரிக்கரை வாசலுக்கு வந்து, தண்ணீரின் விளிம்பை ஒட்டிப் போகும் பலகைப் பாதைகளில் நடங்கள். புரூனஸ், பெட்டாய், செம்பராய், ஜெரிங் என்று மரங்களின் பெயரையே பாதைகளுக்கு வைத்திருக்கிறார்கள். பெட்டாயும் ஜெரிங்கும் மலாய்க்காரர்கள் சமையலில் சேர்க்கும் கொட்டை தருகிற மரங்கள். உன் அலுவலகத்தில் மலாய்த் தோழி இருந்தால் கேள், நாலு கதை சொல்வாள். ஏரி, காடு, மறுகரையில் மரங்களுக்கு மேலே எட்டிப் பார்க்கும் அடுக்குமாடிகள், மூன்றும் ஒரே பார்வையில் தெரியும். அதைப் பார்த்து முடித்த பிறகு ஒரு நாள் பாலத்துக்குப் போனால், மேலிருந்து பார்ப்பது எதை என்று உனக்கே புரியும்.

காலை 7 மணிக்கு வனப்பகுதி திறக்கிறது, மாலை 7 மணிக்கு மூடுகிறது. ஏழு மணிக்கே வாசலில் நில்லுங்கள். பத்து மணிக்கு மேல் புழுக்கம் ஆளைப் பிழிந்துவிடும், பறவைகளும் அடங்கிவிடும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் மேற்கிலிருந்து சுமத்ராக் காற்று என்று ஒன்று மழையோடு அடித்துக்கொண்டு வரும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி மின்னல். உலகத்திலேயே மின்னல் அதிகம் விழும் இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. அதனால் மேகம் கருத்தால் வீரம் காட்டாதே. ஏரிக்கரையையும் பாலத்தையும் விட்டுவிட்டு அருகில் உள்ள கொட்டகைக்குள் போய்விடு. பெருங்காற்று அடித்த மறுநாள் காட்டுக்குள் போவதையும் தள்ளிப்போடு. நனைந்த கிளை எப்போது முறியும் என்று யாருக்கும் தெரியாது.

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் குறையாமல் எடுத்துக்கொள்ளுங்கள். நடுக்காட்டில் கடை கிடையாது. அடியில் பிடிமானம் உள்ள காலணி போடு. மழையில் நனைந்த பலகையில் சாதாரணச் செருப்பு வழுக்கும். கொசு மருந்து பூசிக்கொள், டெங்கி உள்ள ஊர். காலை மூடும் உடை நல்லது. பாதையோரம் பிரம்புக்கொடி இருக்கும். அதன் வளைந்த முள் துணியில் மாட்டினால் முன்னால் இழுக்காதே, ஓரடி பின்வாங்கினால் தானே விட்டுவிடும். கழுத்தில் தொங்கும் நகை எதுவும் வேண்டாம். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நடக்கவே நடக்காதே. பின்னால் ஓடி வருகிறவரின் சத்தமும் கேட்காது, முன்னால் இருக்கும் பாம்பின் சலசலப்பும் கேட்காது.

பாம்பு என்றதும் பயப்பட வேண்டாம். பச்சைப் பாம்பும், கிளையில் அசையாமல் நாள்கணக்கில் கிடக்கும் குழிவிரியனும் உண்டு. நீ தொடாமல் இருந்தால் அவையும் உன்னைத் தொடாது. கைப்பிடியைப் பிடிக்கும் முன் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டுப் பிடி, அவ்வளவுதான்.

நீ பார்த்தே தீரப்போவது குரங்கு. நீளவால் குரங்கு, நம் கோயில் குரங்குக்கு ஒன்றுவிட்ட உறவு. அதற்குத் தீனி போடுவது 2020இல் வந்த வனவிலங்குச் சட்டத்தில் குற்றம். முதல் தடவையே 5,000 வெள்ளி வரை அபராதம். அபராதத்தை விடு, அதன் நியாயத்தைக் கேள். காட்டில் பழம் தின்று விதையைத் தூர இடத்தில் எச்சமிட்டு மரம் வளர்க்கிற பிராணி அது. ஒரு தடவை நாம் ரொட்டி கொடுத்தால் அது பாதையோரத்தில் வந்து உட்கார்ந்துவிடும். இரண்டாவது ஆளிடம் கேட்கும், மூன்றாவது ஆளிடம் பிடுங்கும், நாலாவது ஆள் புகார் கொடுப்பார். கடைசியில் பிடித்துப் போவது குரங்கைத்தான், ரொட்டி போட்டவரை யாரும் தேட மாட்டார்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் கோயில் குரங்குக்குப் பழம் கொடுப்பது புண்ணியம் என்று வளர்ந்தவள் நீ. அங்கே கொடுக்காமல் இருப்பதே புண்ணியம். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதே. அதற்குப் பை என்றாலே சோறு. சாப்பாட்டை முதுகுப்பைக்குள் வைத்து மூடு. எதிரே வந்தால் கண்ணைப் பார்த்து முறைக்காதே, பல்லைக் காட்டிச் சிரிக்காதே, ஓடாதே. பார்வையைத் தாழ்த்தி மெதுவாக விலகு. குட்டியோடு இருக்கும் தாயின் பக்கம் செல்பேசியை நீட்டாதே.

பொறுமை இருந்தால் இன்னும் பல கண்ணில் படும். ஏரிக்கரையில் உடும்பு வெயில் காயும். மனித நீளம் இருக்கும், பயந்த சுபாவம். மரப்பட்டை நிறத்தில் அடிமரத்தில் ஒட்டிக்கொண்டு கொலுகோ என்ற பிராணி பகல் முழுக்கத் தூங்கும். பொழுது சாய்ந்ததும் கைக்கும் காலுக்கும் நடுவிலிருக்கும் தோலை விரித்து மரத்துக்கு மரம் மிதந்து போகும். பட்டையில் புடைப்பு மாதிரி தெரிந்தால் நின்று பார், இரண்டு கண் இருக்கலாம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள துடுப்புவால் கரிச்சான் அங்கேயும் இருக்கிறது. வாலின் நுனியில் இரண்டு துடுப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு பறக்கும், மற்றப் பறவைகளின் குரலையெல்லாம் பேசிக் காட்டும். ஊர் நினைப்பு வந்தால் அதைத் தேடு. ராஃபிள்ஸ் பட்டை மந்தி என்ற கறுத்த குரங்கினம் சிங்கப்பூரில் மொத்தமே நூற்றுக்கும் குறைவு. மிச்சம் மலேசியாவின் தெற்கில். அது உன் கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். அந்த இடத்தை மட்டும் ஊருக்கெல்லாம் படம் போட்டு அறிவிக்காதே. கூட்டம் கூடினால் அது இலை தின்ன இறங்கி வராது.

ஏரியில் காதோரம் சிவப்புக் கோடு போட்ட ஆமைகளைப் பார்ப்பாய். அவை அந்த மண்ணின் ஆமைகள் அல்ல. அமெரிக்காவிலிருந்து வந்து செல்லப்பிராணிக் கடையில் விற்பனையான இனம். கைக்கு அடக்கமாக இருந்தவரை வளர்த்துவிட்டு, பெரிதானதும் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். விசாக தினத்தை ஒட்டிப் புண்ணியம் என்று மீனையும் பறவையையும் விடுகிறவர்களும் உண்டு. பாதி செத்துப்போகும், மிச்சம் அங்கே இருப்பவற்றின் இரையைப் பிடுங்கும். உன் தோழிகள் யாராவது வளர்ப்பு மீனைக் கொண்டுபோய் விடலாம் என்று பேசினால், நீ பெரியவளாக நின்று தடு.

தண்ணீரில் இறங்கக் கூடாது, குளிக்கக் கூடாது. தூண்டில் போட ஒதுக்கிய இடம் தவிர மீன் பிடிக்கக் கூடாது. நாயும் சைக்கிளும் காட்டுப் பாதைக்குள் கிடையாது. அனுமதியில்லாமல் ட்ரோன் பறக்கவிடக் கூடாது. பூப் பறிக்கவோ விதை பொறுக்கவோ கூடாது; பலாவோ ரம்புத்தானோ கீழே கிடந்தாலும் அது உன்னுடையது அல்ல. தோலை வீசுவதும் தப்பு. மக்கிப்போகும்தானே என்று சொல்வார்கள், மக்கும் முன் குரங்கு வந்து கற்றுக்கொள்ளும். இத்தனை கூடாது எதற்கு என்று முதலில் எரிச்சல் வரும். அந்தத் தீவில் 60 லட்சம் பேர். ஆளுக்கு ஒரு விதிவிலக்குக் கேட்டால் காடு ஒரு வருடம் தாங்காது.

ஏரிக்கரையில் ஒரு சமாதி இருக்கிறது; அதைத் தவறவிடாதே. லிம் போ செங் என்ற போராளியுடையது. ஜப்பானியருக்கு எதிராக மலாயாக் காட்டுக்குள் ரகசியமாக வேலை செய்த 136ஆம் படையைச் சேர்ந்தவர். பிடிபட்டு, சித்திரவதைக்குப் பிறகும் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுக்காமல் 1944இல் பத்து காஜா சிறையில் இறந்தார். 1946 ஜனவரியில் அவருடைய உடலைக் கொண்டுவந்து இந்த ஏரியைப் பார்த்தபடி அடக்கம் செய்தார்கள். போர்க் கைதிகளைக் கொண்டு ஜப்பானியர் கட்டிய ஷோனான் ஜின்ஜா என்ற கோயிலின் இடிபாடும் அதே காட்டின் உள்ளே கிடக்கிறது. 1945இல் தோற்றபோது அவர்களே அழித்துவிட்டுப் போனார்கள். அதைத் தேடிக்கொண்டு இணையத்தில் வரும் குறுக்குவழிகளில் போகாதே. பாதைக்கு வெளியே இருக்கிறது, அனுமதி இல்லை, வழி தவறியவர்களைத் தேட ஆள் அனுப்ப வேண்டியிருக்கும். சமாதியின் முன்னால் செருப்போடு உட்கார்ந்து சாப்பிடுகிற கூட்டத்தையும் பார்த்திருக்கிறேன். நீ அப்படி இருக்க மாட்டாய் என்று தெரியும்.

கடைசியாக, பொறியாளருக்குச் சொல்ல வேண்டியது. அந்தக் காட்டின் நல்லதிலும் கெட்டதிலும் உன் தொழில்காரர்களின் கை இருக்கிறது. அணை கட்டியதால் காடு பிழைத்தது. 1980களில் புக்கிட் தீமா விரைவுச்சாலை போட்டபோது ஒரே காடாக இருந்தது இரண்டாக அறுந்தது. ரோட்டைக் கடக்கும் எறும்புண்ணியும் மற்றவையும் வண்டியில் அடிபட்டன. 2013இல் அதே சாலைக்கு மேலே மண் கொட்டி மரம் நட்டு, விலங்குகள் கடக்க ஒரு பாலம் கட்டினார்கள். அறுத்ததும் பொறியாளர்கள், தைத்ததும் பொறியாளர்கள். தைக்க ஆன காலம் கால் நூற்றாண்டுக்கு மேல். 1990களின் தொடக்கத்தில் லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தின் பக்கம் கோல்ஃப் திடல் போடத் திட்டம் வந்தது. சிங்கப்பூர் இயற்கைச் சங்கத்தார் அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று இறங்கி எண்ணி, அறிக்கையாக எழுதிக் கொடுத்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. 2013இல் குறுக்குத்தீவு ரயில் பாதையை இந்த வனத்தின் ஊடாகக் கொண்டுபோவதாக அறிவித்தபோது மறுபடி பேச்சு எழுந்தது. பல வருட ஆய்வுக்குப் பிறகு 2019 டிசம்பரில், காட்டுக்கு அடியில் சுமார் 70 மீட்டர் ஆழத்தில் சுரங்கமாகப் போகலாம், வனத்துக்குள் தரைக்கு மேல் எதையும் கட்டக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். சுற்றிப் போயிருக்கலாம் என்று சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. என் கணிப்பில் அது முழு வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. ஆனால் பேச்சு எழுந்திராவிட்டால் ஆழமும் வந்திருக்காது, நிபந்தனையும் வந்திருக்காது.

உன் மேசைக்கும் ஒரு நாள் இப்படி ஒரு வரைபடம் வரும். பச்சை நிறத்தில் ஒரு பகுதி இருக்கும். அதன் மேல் நேர்கோடு போட்டால் செலவு குறையும், வளைத்தால் கூடும். காகிதத்தில் பார்த்தால் அது வெறும் பச்சை மை. அதற்குள் நடந்தவளுக்கு அது ஓடை, வேர், உறங்குகிற கொலுகோ, கீழ்வீட்டுக் குழந்தை குடிக்கும் தண்ணீர். கோடு போடும் உரிமை உனக்கு இல்லாமல் இருக்கலாம். கேள்வி கேட்கும் உரிமை எப்போதும் உண்டு. அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டுமானால் நீ அந்த மண்ணில் காலை வைத்திருக்க வேண்டும். இயற்கைச் சங்கத்தார் ஜெயித்தது கோஷம் போட்டு இல்லை, எண்ணிக் காட்டி. அதையும் மனத்தில் வை.

அதனால் படம் எடுப்பதற்காக ஒரே ஒரு தடவை போய்விட்டு வந்துவிடாதே. மாதம் ஒருமுறை போ. மழைக் காலத்திலும் காய்ந்த மாதத்திலும் போ. ஒரு தடவை தனியாகப் போகத் தோன்றினால் பகலில் போ. எந்தப் பாதை, எப்போது திரும்புவேன் என்று அறைத்தோழியிடம் சொல்லிவிட்டுப் போ. ஒரே ஓடையை ஆறு மாதம் தொடர்ந்து பார்த்தால் எந்தப் பாடநூலும் சொல்லாததை அது சொல்லும். எதிரே வருகிற கிழவர்கள் காலை வணக்கம் சொல்வார்கள், நீயும் சொல். அவர்களில் பலர் அந்தக் காட்டை ஐம்பது வருடமாக நடக்கிறவர்கள். கேட்டால் எந்த மரம் எந்த மாதம் காய்க்கும் என்று சொல்லித் தருவார்கள்.

வெறுங்கையோடு போய் வெறுங்கையோடு வா. உன் குப்பை உன் பையிலேயே திரும்பட்டும். அடுத்தவர் போட்ட ஒரு புட்டியையும் சேர்த்து எடுத்து வந்தால் பெரியப்பாவுக்குச் சந்தோஷம். அந்த ஊரின் தண்ணீரைக் குடிக்கிறாய். அந்தத் தண்ணீர் ஊறும் இடத்தில் அளவோடு நடந்துகொள்வது உன் கடமை. தோழிகளுக்கும் இதைச் சொல். போய் வந்து விவரமாக எழுது.

இப்படிக்கு,
உன் அன்புப் பெரியப்பா